அஞ்சுவோரும் அச்சத்தை விற்போரும்

2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. கோவிட் தடுப்பூசியின் ஒரு தவணையேனும் போட்டுக்கொள்ளாதவருக்கு நியாயவிலைக் கடையில் தானியம் இல்லை, பெட்ரோல் நிலையத்தில் எரிபொருள் இல்லை என்றது அவ்வாணை. அறியாமையில் உழலும் கூட்டத்துக்கு வேறு எந்த மொழியும் புரியாது என்று சொல்லி இத்தகைய ஆணைகளை வரவேற்ற படித்தோர் நாடெங்கும் இருந்தனர்.

அதே ஆண்டு பிப்ரவரி 19 அன்று தலைநகர் தில்லி வேறொரு காட்சியைக் கண்டது. பதஞ்சலி நிறுவனத்தின் கொரோனில் மாத்திரைக்காக நடந்த விழாவில் பாபா ராம்தேவுடன் மேடையேறியவர்களில் ஒருவர் அன்றைய ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். இன்னொருவர் அமைச்சர் நிதின் கட்கரி. சுகாதார அமைச்சர் தொழிலால் மருத்துவரும்கூட. அம்மாத்திரைக்கு உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் கிடைத்துவிட்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. கோவிட் சிகிச்சைக்கென எந்தப் பாரம்பரிய மருந்தையும் தான் ஆய்வு செய்யவுமில்லை, அதற்குச் சான்றளிக்கவுமில்லை என்று அவ்வமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பிரிவு விளக்கம் தர நேர்ந்தது. பொய்யான மருந்தை நாட்டுக்கு எப்படிப் பரிந்துரைக்கலாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் அமைச்சரிடமே விளக்கம் கேட்டது.

ஐயப்பட்ட ஏழைக்கு அரிசி மறுக்கப்பட்டது. ஐயத்தைச் சரக்காக்கி விற்ற கோடீசுவரருக்கு அமைச்சர்கள் மாலை மரியாதை செய்தனர். தடுப்பூசி மறுப்பு குறித்தும் மருத்துவப் பொய்கள் குறித்தும் மக்களிடையே எழும் சினத்தைப் பேசப் புகும் எவரும் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

சினம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து, காப்பு இல்லாத 12 முதல் 18 பேர் வரை நோய் தொற்றக்கூடும். சமூகத்தில் 95 சதவீதத்தினர் இரு தவணை பெற்றிருந்தால்தான் பரவல் தடைபடும். முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. ஆக, ஆறு மாதக் கைக்குழந்தையின் உயிர் அண்டை வீட்டுப் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டதா என்பதில் அடங்கியிருக்கிறது. "என் பிள்ளை, என் விருப்பம்" என்னும் வாதம் இங்கே செல்லாது. தொற்றுநோய் தனியுடைமையை அறியாது.

ஆனால் அந்தச் சினம் எந்த வாசலில் போய் நிற்கிறது? 2022 அக்டோபர், நவம்பரில் மும்பையின் கோவண்டி, மான்குர்த் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மடிந்தபோது, பழி முழுவதும் ஊசிக்கு இணங்காத பெற்றோர் மீது விழுந்தது. மறுத்தவர்கள் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் கோவண்டி என்பது தேவனார் குப்பைமேட்டின் விளிம்பில், இஸ்லாமிய, தலித் உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழும் இடம். கோவிட் ஆண்டுகளில் வழக்கமான தடுப்பூசிப் பணிகள் குலைந்ததும், சத்துக்குறைவுற்ற உடலில் தட்டம்மை கொலைநோயாக மாறுவதும் தொலைக்காட்சி விவாதங்களுக்குச் சுவையூட்டும் செய்திகள் அல்ல. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 76.4 சதவீதம். எஞ்சிய ஏறத்தாழ கால் பங்கினரும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பியவர்கள் அல்லர். செவிலியர் வராத ஊர், ஒருநாள் கூலியை இழந்து மையத்துக்குப் போக இயலாத தாய், ஊர்விட்டு ஊர் பெயரும் செங்கல்சூளைக் குடும்பம் ஆகியவையும் அக்கணக்கில் அடங்கும்.

ஐயத்தின் வேர்

வதந்தி வெறும் நிலத்தில் முளைப்பதில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு உத்தரப்பிரதேசத்தின் இஸ்லாமியக் குடியிருப்புகளில் போலியோ சொட்டு மருந்து குறித்து ஒரு வதந்தி உலவியது. அம்மருந்து ஆண் பிள்ளைகளை மலடாக்கிவிடும் என்பதே அது. அறிவியலின் கண்ணில் அபத்தம். வரலாற்றின் கண்ணில் அப்படியன்று. அதே மண்ணில் அரசின் மருத்துவ வாகனம் முன்பொரு முறை வந்திருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இலக்கை எட்டாத ஆசிரியர்களின் ஊதியம் நிறுத்தப்பட்டது. 1976 நவம்பரில் ஹரியானாவின் மேவாத் வட்டாரத்து உட்டாவர் கிராமத்தைக் காவல்துறை முற்றுகையிட்டு ஆண்களை அள்ளிச் சென்றது. முசாபர்நகரில் எதிர்த்தோர் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அன்று வயலில் ஒளிந்து தப்பிய இளைஞன்தான் 2002இல் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டு மருந்துப் பெட்டியோடு வந்தவரைப் பார்த்துக் கதவைச் சாத்தினான். நெருக்கடி நிலையோடு அக்கதை முடிந்துவிட்டதா என்றால் அதுவுமில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் ஒரே நாளில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்னொன்றும் உண்டு. கழிவுநீரும் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மலிந்த அவ்வட்டாரத்தில், பழைய மும்முனைச் சொட்டு மருந்து பிற இடங்களைப் போலப் பலன் தரவில்லை. பல தவணை பெற்ற குழந்தையும் கால் முடங்கிப் போனது. சாக்கடை கேட்டால் வராத அரசு, சாலை கேட்டால் வராத அரசு, சொட்டு மருந்தோடு மட்டும் மாதந்தோறும் வருவானேன் என்று மக்கள் கேட்டனர். சாலை போடும்வரை சொட்டு மருந்து வேண்டாம் என்று சில ஊர்கள் புறக்கணிப்பே நடத்தின. இதனை அறியாமை என்று அழைப்பவர் அகராதியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

2002இல் நாட்டில் ஏறத்தாழ 1,600 குழந்தைகள் போலியோவால் தாக்கப்பட்டனர்; பெரும்பகுதியினர் உத்தரப்பிரதேசத்தவர். 2009இல்கூட 741 பேர், அதாவது உலக எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் நோய் கண்ட குழந்தைதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இந்தத் திருப்பம் ரேஷனை நிறுத்தியதால் வந்ததன்று. அந்தந்த மொகல்லாவைச் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊக்குநர்களாக வீடுவீடாகச் சென்றனர். ஒரே வாசலில் நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் நின்றனர். மசூதி இமாம்கள் தொழுகைக்குப் பின் அறிவித்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மிலியாவும் துணை நின்றன. உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் 107 வட்டாரங்களைத் தேர்ந்து, சொட்டு மருந்தோடு குடிநீரையும் கழிப்பறையையும் வயிற்றுப்போக்குச் சிகிச்சையையும் இணைத்தனர். மருந்தும் மேம்படுத்தப்பட்டது. மக்களின் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதைத் திட்டம் ஏற்றுக்கொண்ட பிறகே கதவுகள் திறந்தன.

கம்மம் தந்த பாடம்

போலியோவில் கற்ற பாடத்தை ஆட்சியாளர்கள் அதே காலத்தில் வேறிடத்தில் மறந்தனர். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயது வரையிலான சுமார் 24,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் திட்டமிடப்பட்டது. பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் கைகோத்து நடத்திய 'செயல்விளக்கத் திட்டம்' அது. மருந்தைத் தந்தவை பன்னாட்டு நிறுவனங்கள். சிறுமிகளில் பலர் பழங்குடியினர், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, மகளிர் அமைப்புகளும் இடதுசாரிகளும் குரல் எழுப்பிய பின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

விசாரணையில் தெரியவந்தது என்ன? அம்மரணங்கள் தடுப்பூசியால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி, காய்ச்சல் என்று காரணங்கள் கூறப்பட்டன. (பழங்குடிச் சிறுமிகள் பாம்புக்கடிக்கும் பூச்சிக்கொல்லிக்கும் இரையாவது அதற்கு முன்னும் செய்தியாகவில்லை, பின்னும் ஆகவில்லை.) ஆனால் ஒப்புதல் படிவங்கள் வேறு கதை சொல்லின. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய்க்குத் தெரியாமல் காப்பாளர் ஒப்பமிட, சிறுமியின் தோளில் ஊசி இறங்கியது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தன் அறிக்கையில் இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

கண்டனம் முற்றிலும் சரி. விளைவோ கசப்பானது. கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 1,20,000 பெண்களைப் பற்றி 77,000 உயிர்களைக் குடிக்கிறது. பெரும்பாலோர் ஏழைகள், முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்கள். அந்நோயைத் தடுக்கவல்ல ஊசி பத்தாண்டுக்கும் மேலாகத் தேசியத் திட்டத்துக்குள் நுழையவே இல்லை. 2018இல் சிக்கிம் மாநிலம் பள்ளிகள் வழியே பெற்றோரிடம் முறையாக விளக்கி, இலக்கு வைத்த சிறுமிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. சிக்கிமால் முடிந்தது ஏன் நாட்டுக்கு முடியவில்லை? கம்மத்தின் நிழல் ஒரு காரணம். அந்நிழலில் குளிர்காய்ந்த இன்னொரு கூட்டமும் உண்டு. ஆர்எஸ்எஸ் குடும்பத்தைச் சேர்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச், இத்தடுப்பூசியைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது என்று பிரதமருக்கு எழுதியது. இடதுசாரிகள் கேட்டது ஒப்புதல். இவர்கள் கேட்டது மறுப்பு. இரண்டும் ஒன்றெனக் காட்டுவது எதிரிக்கு எளிது. அதற்கு இடம் கொடாமல் இருப்பது நம் பொறுப்பு.

கோவிட் காலத்தில் அதே பிழை தேசிய அளவுக்கு விரிந்தது. 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி தரப்பட்டபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவுகள் வந்திருக்கவில்லை. 'சோதனை முறையில்' பயன்படுத்தலாம் என்னும் புதிய சொற்றொடர் ஒன்று பிறந்தது. போபாலில் விஷவாயுவுக்கு இரையான மக்கள் வாழும் பகுதிகளில், 750 ரூபாய் தருவதாகச் சொல்லி, சோதனை என்றே விளக்காமல் ஆளெடுத்ததாகப் புகார்கள் எழுந்தன. பின்னாளில் வந்த முடிவுகள் தடுப்பூசி பயன் தருவதைக் காட்டின. ஆனால் காத்திருக்க வேண்டிய சில வாரங்களைக் காத்திராததன் விலையை, ஊசிப் பெட்டியோடு வெயிலில் நடந்த ஆஷா ஊழியர் கொடுத்தார்.

பிறகு அந்த ஊசி சந்தைக்கு வந்தது. ஒரே கோவிஷீல்டு மருந்து ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு முதலில் 400, பின்னர் 300, தனியார் மருத்துவமனைக்கு 600. கோவாக்சின் தனியாருக்கு 1,200. 18 முதல் 44 வயது வரையிலானோர் தொடர்பான கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தான்தோன்றித்தனமானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று 2021 மே 31 அன்று உச்சநீதிமன்றம் குறிப்பிட்ட பிறகே பிரதமர் பின்வாங்கினார். உயிர்காக்கும் பொருளுக்கு மூன்று விலை வைப்பவர்கள், அதனை ஏழைகள் ஐயுறுவது ஏன் என்று வியக்கிறார்கள்!

பொய்யின் சந்தை

மக்களின் ஐயம் ஒருபுறம் இருக்க, பொய் ஒரு தொழிலாக நடப்பது வேறு. 2021 மே மாதம், தகன மேடைகளில் இடமில்லாமல் பிணங்கள் வரிசையில் கிடந்த நாட்களில், ராம்தேவ் நவீன மருத்துவத்தை முட்டாள்தனமான அறிவியல் என்று எள்ளினார். ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தோரைவிட அம்மருத்துவத்தால் இறந்தோரே அதிகம் என்றார். எழுந்த எதிர்ப்பில் அமைச்சரே திரும்பப் பெறச் சொல்ல நேர்ந்தது. விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்சநீதிமன்றம் சென்றது. 2024இல் அவமதிப்பு வழக்கில் நீதிபதிகள் கடிந்துகொண்ட பிறகு செய்தித்தாள்களில் மன்னிப்பு விளம்பரம் வந்தது. ஆகஸ்டில் மன்னிப்பு ஏற்கப்பட்டு அவமதிப்பு நடவடிக்கை முடிந்தது.

இதில் ஒன்றிய அரசின் பங்கு என்ன? ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்னும் 170ஆம் விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. 2024 ஜூலையில் அவ்விதியையே நீக்கியது. உச்சநீதிமன்றம் நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது அத்தடையும் போயிற்று. திருடனுக்குத் திறவுகோலைக் கொடுப்பது போன்றதன்று இது. பூட்டையே கழற்றிக் கொடுப்பது. இதனைச் சொல்வது சித்த, ஆயுர்வேத மரபுகளை இழித்துரைப்பதாகாது. தன் மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தச் சம்மதிக்கும் வைத்தியருக்கு இவ்விதியால் எந்த இடரும் இல்லை.

உண்மையைச் சொன்னவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2021 மே மாதம் மணிப்பூரில் மாநில பாஜக தலைவர் கோவிட்டால் இறந்தபோது, பசுஞ்சாணமும் கோமியமும் கோவிட்டுக்கு மருந்தாகா என்று பத்திரிகையாளர் கிஷோர்சந்திர வாங்கெமும் செயற்பாட்டாளர் எரேந்த்ரோ லெய்ச்சோம்பமும் முகநூலில் எழுதினர். இருவர் மீதும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஏவப்பட்டது. ஜூலையில் உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் தலையிட்ட பிறகே வெளியில் வந்தனர். கோமியம் தன் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக 2019இல் அறிவித்த பிரக்யா தாக்கூரோ அவ்வாண்டே நாடாளுமன்றம் சென்றார்.

பெரிய பொய்கள் அரசின் நாவிலிருந்தே வந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் பதில் தரப்பட்டது. 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டபோது, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே கணக்குக் காட்டிய அரசு மதிப்பீட்டு முறையையே மறுத்தது. பிணங்களை எண்ணுவதில் பொய் சொன்ன வாயே தடுப்பூசி பாதுகாப்பானது என்றும் சொல்கிறது. இரண்டாவது கூற்று உண்மை; ஆனால் கேட்பவருக்கு அதனைப் பிரித்தறிய வழி என்ன?

நம்முடைய வாசலில்

இங்கே ஒரு கசப்பான பேச்சைத் தவிர்க்க முடியாது. பாஜக எதிர்ப்பு முகாமிலும் இந்நோய் உண்டு. பாஜகவின் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று 2021 ஜனவரியில் அறிவித்தவர் அகிலேஷ் யாதவ். சில மாதங்களில் நிலை மாறினார். அதற்குள் அவ்வாசகம் எத்தனை கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ. அரிதிலும் அரிதாக இரத்த உறைவு நேரக்கூடும் என்று 2024இல் லண்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனகா ஒப்புக்கொண்ட செய்தியை, தேர்தல் மேடைக்குக் கிடைத்த கல்லாக எறிந்தவர்கள் பலர். 2025 ஜூலையில் கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஹாசன் மாவட்ட மாரடைப்பு மரணங்களுக்குத் தடுப்பூசியும் காரணமாக இருக்கலாம் என்றார். 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் திடீர் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023லேயே வெளிவந்திருந்தது.

மருந்து நிறுவனங்களின் இலாபவெறியை அறிந்தவர்கள் என்பதாலேயே இடதுசாரி வட்டாரத்தில் சிலர் தடுப்பூசியையே ஏகாதிபத்தியச் சதியாகப் பார்க்கத் தலைப்படுகின்றனர். முதலாளி ஆலையில் நெய்த துணி என்பதற்காக எவரும் நிர்வாணமாகத் திரிவதில்லை. டார்வினோடு இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸ், பின்னாளில் ஆவிகளோடு பேசப் போனார், தடுப்பூசியையும் எதிர்த்தார். ஆவியுலக மயக்கத்துக்காக அவரை எங்கெல்சு எள்ளி நகையாடியது 'இயற்கையின் இயக்கவியல்' பயின்றோர் அறிந்ததே.

தடுப்பூசி உழைக்கும் வர்க்கத்துக்கு அயலான பொருளும் அன்று. பெரியம்மையை உலகெங்கும் ஒழிக்கலாம் என்ற முன்மொழிவை 1958இல் உலக சுகாதார மன்றத்தில் வைத்தவர் சோவியத் அறிஞர் விக்டர் ஷ்தானோவ். சேபினின் போலியோ சொட்டு மருந்து கோடிக்கணக்கானோரிடம் சோதித்து நிறுவப்பட்டதும் சோவியத் மண்ணில், சுமக்கோவின் தலைமையில். 1962இல் கியூபா தெருக்குழுக்கள் வழியே போலியோவை விரட்டத் தொடங்கியது.

இந்தியாவிலும் பொதுத்துறைக்கு அந்த மரபு இருந்தது. கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் அடக்கவிலையில் குழந்தைகளுக்கு மருந்து தந்துவந்தன. 2008 ஜனவரியில் தர விதிகளைக் காட்டி மூன்றின் உரிமமும் ஒருசேர நிறுத்தப்பட்டது. தரத்தை உயர்த்தப் பணம் ஒதுக்காமல் உற்பத்தியை நிறுத்தினர். சந்தை தனியார் கைக்குப் போயிற்று. இரண்டாண்டுகள் போராடிய பின்னரே நிறுத்தம் விலக்கப்பட்டது. 2012இல் ஒப்புதல் பெற்றுச் செங்கல்பட்டில் எழுந்த பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம், 2021இல் நாடே குப்பிக்குக் கையேந்தி நின்றபோது வெறிச்சோடிக் கிடந்தது. தமிழ்நாடு அரசு குத்தகைக்குக் கேட்டும் தரப்படவில்லை.

தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த மரணங்களுக்குத் தான் பொறுப்பேற்க முடியாது, உறவினர் உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தந்தது. லட்சத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கையும் ஏற்று, வழக்காடாமலே இழப்பீடு தரும் சட்டம் வேண்டும். அந்த ஒருவரைக் கைவிடும் அரசை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். சுமார் பத்து லட்சம் ஆஷா ஊழியர்களுக்கு 2022இல் உலக சுகாதார அமைப்பு விருது தந்தபோது பிரதமர் பாராட்டினார். தொழிலாளி என்ற தகுதியும் ஊதியமும் இன்றி ஊக்கத்தொகைக்கு உழைக்கும் அப்பெண்கள்தாம் ஒவ்வொரு வாசலிலும் ஐயத்துக்கு விடை சொல்லி நிற்கிறார்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்கு இலவசமாகத் தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உள்நாட்டுத் தயாரிப்பே தனியாரிடம் தவணைக்கு 2,000 ரூபாய் என விலை வைக்கப்பட்ட ஊசி அது. கூலித் தொழிலாளியின் மகளுக்கு அரசு வழியே கிடைத்தால்தான் உண்டு. வதந்தியும் பின்தொடரும், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின்போது தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் பரவியதை எவரும் மறந்திருக்க முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியின் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, அதில் கையெழுத்திடுபவர் காப்பாளரா, தாயா என்று போய்ப் பார்ப்பது கட்சிக் கிளையின் வேலை. அந்தத் தாயின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லிக் கையெழுத்திட வைப்பதும், கிளைத் தோழர் தம் மகளை முதல் நாளே வரிசையில் நிறுத்துவதும் அதே வேலையின் பகுதிதான்.